தோற்ற மறுநாள் காலையில் கன்னியம்மா அக்கா

தாம்பரத்தில் நான் விளையாட்டு ஆசிரியராக வேலை பார்க்கும் பள்ளியில் அன்று ஆண்டு விளையாட்டு விழா. ஒலிபெருக்கி காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. விசிலை வாயில் வைத்தபடி ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தபோது சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. வேலு. எங்கள் கபடி டீமின் ரைடர், கன்னியம்மா அக்காவின் ஒரே மகன். பகல் நேரத்தில் எனக்குப் போன் செய்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"கேப்டன், அம்மா பூட்ச்சி" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான்.

சர்க்கரை, காலில் ஆறாத புண், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக மாதக்கணக்கில் அலைச்சல். எதிர்பார்த்ததுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். எதிர்பார்த்தால் வலிக்காது என்று எவன் சொன்னான்? விசிலைப் பக்கத்தில் நின்ற ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன். வண்டலூர், கேளம்பாக்கம் என்று போகிற வழி முழுவதும் ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. துக்க வீட்டுக்குப் போகிறவனுக்கு வரக்கூடாத கேள்வி. அடுத்த முறை நாம் தோற்றால், மறுநாள் காலையில் கரையில் யார் நிற்பார்கள்?

அக்காவை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். டீமில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவளத்தை ஒட்டிய எங்கள் குப்பத்தில் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் கபடி ஆடுவார்கள், ஆடாதவர்கள் பார்ப்பார்கள். அக்கா பார்க்கிற கட்சி. காலையில் ஏலம் எடுத்த மீனை நாவலூரில் அபார்ட்மென்ட் வாசல்களில் விற்றுவிட்டு, எங்கே மேட்ச்சோ அங்கே வெறும் அலுமினிய அன்னக்கூடையோடு நேராக வந்துவிடுவார். ஆடுகளத்தின் மூலையில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். செம்பாக்கத்தில் ஒரு போட்டியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கப்பா" என்றார். அக்கா அசையவில்லை. "நாத்தம் இன்னும் கொஞ்ச நேரந்தான் நைனா. எங்க பசங்க உங்களுக்கு மண்ணக் காட்டுனதும் நீயே எழுந்து போய்டுவ" என்றார். அந்தப் போட்டியில் மண்ணைப் பார்த்தது நாங்கள்தான். அது வேறு விஷயம்.

ஜெயித்த நாட்களில் அக்காவைத் தேடினால் கிடைக்கமாட்டார். நாங்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கூத்தடிக்கும்போது அவர் பஸ் ஏறியிருப்பார். ஏன்க்கா என்று ஒருமுறை கேட்டேன். "செயிச்சவன் நேரா வூட்டுக்குத்தான் போவான். அவன இன்னாத்துக்குப் பாக்கணும்? தோத்தவன் எங்க போறான்னுதான்டா பாக்கணும்" என்றார். சும்மா சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் புருஷன் பாளையம் அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இதை மேலே எழுத முடியாது. எனக்கு முன்னால் கேப்டனாக இருந்தவர். பாடிப் போனார் என்றால் எதிர் டீம் பின்கோட்டில் ஒட்டிக்கொள்ளும். சுனாமிக்குச் சில வருஷங்களுக்கு முன், தாம்பரத்தில் ஒரு போட்டியில் அவருடைய ஒரு தப்பால் தோற்றோம். யாரையும் திட்டவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை. வேனில் வரும்போது ஜோக் அடித்து எங்களையெல்லாம் சிரிக்க வைத்தார். மறுநாள் விடியலில் தனியாகக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். காற்று இல்லை, அலை இல்லை, கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. மத்தியானம் கட்டுமரம் மட்டும் கரைக்கு வந்தது.

கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊர் சொன்னது. அக்கா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமெல்லாம், "கடல் ஒன்னும் பண்ல. தோத்த மூஞ்சியோட போனாரு. நான் பாத்துகினுதான் இருந்தேன், எனக்குத் தெர்ல" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் டீமில் மட்டும் உள்ள அந்த வழக்கம் வந்தது. ‘சொல்லிட்டுப் போறது’ என்போம். தோற்ற மறுநாள் விடியலில், ஆடியவன் எவனாக இருந்தாலும், போட்டில் கை வைப்பதற்கு முன் அக்காவின் முன்னால் வந்து நிற்க வேண்டும். நேற்று தான் செய்த தப்பைத் தன் வாயால், நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். நடுவரைச் சொல்லக்கூடாது, மைதானத்தைச் சொல்லக்கூடாது, கூட ஆடினவனைச் சொல்லக்கூடாது. ஒழுங்காகச் சொன்னவன் போகலாம். சொல்லாதவன் அன்றைக்கு வலை பின்னிக்கொண்டு கரையில் கிடக்க வேண்டியதுதான். யாரும் கூடிப் பேசி முடிவெடுத்த வழக்கம் அல்ல. அக்கா கூடையோடு வந்து நின்றார், நாங்கள் பயந்தோம், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது விடுமுறை நாட்களில் அப்பாவோடு நானும் கடலுக்குப் போவேன். மேடவாக்கத்தில் ஒரு போட்டியில் தோற்று, ஸ்கோர் மேசையை எட்டி உதைத்துவிட்டு வந்த மறுநாள், அக்காவின் முன் போய் நின்றேன். "அந்த ரெஃப்ரி பேமானிக்குக் கண்ணு தெரியலக்கா" என்று ஆரம்பித்தேன்.

"அது அந்தாளு தப்பு. அவரு பொண்டாட்டியாண்ட சொல்லட்டும். உன் தப்ப சொல்லு."

"எனக்கு ஒரு தப்பும் இல்ல."

"அப்ப குந்து."

குந்தினேன். வெயில் ஏறும்வரை குந்தினேன். அப்பா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில், "ரெண்டு பேரைத் தொட்டுட்டு அப்பவே திரும்பியிருக்கணும். மூணாவது ஆளுக்கு ஆசப்பட்டேன்" என்றேன். சொன்னதும் எனக்கே தெரியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "அழுவுறியா? நல்லா அழுவு. அழுவுறவன் பொழச்சுக்குவான். எனக்கு சிரிக்கிறவன்கிட்டதான்டா பயம்" என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். கையில் மீன் செதில் இருந்தது.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் அக்கா வேறு மாதிரி. தோற்ற அன்று நம் ஆட்களே நம்மைக் கேட்கிற கேள்விகளை நாய் கேட்காது. எனக்கு அவர்களை அடித்துவிடலாம் போல வரும். அக்கா தடுப்பார். "உனுக்குக் கையிகாலு கீது, போய் மோதிட்டு வந்துட்ட. பாக்கறவனுக்கு வாய் மட்டுந்தான் கீது. கத்திட்டுப் போவட்டும். நாளிக்கி அவனே வந்து தோள்ல கையப் போடுவான்" என்பார். அது பெரும்பாலும் அப்படியே நடந்தது. ஒருமுறைதான் நடக்கவில்லை.

அதுதான் பின்னாளில் செம்பாக்கத்தில் ஆடிய ஃபைனல். கபடியில் அப்படி ஒரு தோல்வியை நான் பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் சமமான புள்ளி, கடைசி ரைடு, பாடிப் போனவன் வேலு. ஒருவனைத் தொட்டுவிட்டான். திரும்பி ஓடி வந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு எட்டுதான். கோட்டைத் தாண்டுவதற்குள் எங்கள் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான். பின்னாலிருந்து ஒருவன் தரையோடு தரையாகப் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். கை கோட்டுக்கு எட்டவில்லை. பக்கத்திலேயே, பார்க்கும்படியாக, எட்டவில்லை.

திரும்பி வந்த மினி லாரியில் நம் ஆட்கள் அவனைச் சும்மா விடவில்லை. "அவனுங்க உனுக்கு மாமன் மச்சானாடா? கையத் தூக்கி டாட்டா காட்டிகினு நிக்கிற?" என்றான் ஒருவன். "அப்பன் மாரியே புள்ள" என்றார் இன்னொருவர். அக்கா ஓரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேலு சிரித்தான். சொன்னவரையே பார்த்து, "வுடு மாமா, அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றான். பெருந்தன்மையான பையன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் விடியலில் நானும் கரைக்குப் போயிருந்தேன். வேலு, தேசப்பன் அண்ணனின் ஃபைபர் போட்டில் போகிறவன். சீசன் நேரம். போட்டைத் தண்ணீர் விளிம்புவரை தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வேலு குளித்து, தலை வாரி, அம்மாவின் முன் வந்து நின்றான். "கோட்டத் தாண்டறதுக்கு முன்ன கையத் தூக்கிட்டேன். என் தப்புதான். வேற யாரு மேலயும் தப்பு இல்ல" என்றான். இவ்வளவு சுத்தமாக அதுவரை எவனும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "சொல்லிட்டான்ல, வுடுங்க, போவட்டும்" என்றார் தேசப்பன் அண்ணன்.

அக்கா மட்டும் அவன் முகத்தையே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கடல் அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, காற்றில்லாமல், அலையில்லாமல். எத்தனை பேருக்குப் பாளையம் அண்ணன் போன நாள் நினைவு வந்ததோ தெரியாது. வேலு திரும்பிப் போட்டில் கை வைத்தான். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தார். அவனைத் தாண்டிப் போனார். விளிம்பைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு, போட்டுக்குள் ஏறி வலைமேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒன்றுமில்லை. எங்கள் குப்பத்தில் பெண் கால் வைத்த போட்டு அன்றைக்குக் கடலில் இறங்காது. அதிலும் புருஷனைக் கடலில் விட்ட பெண். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கங்கையம்மனுக்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் சுற்றி உடைத்த பிறகுதான் தொடுவார்கள். கரையில் நின்ற பெண்களே காதைப் பொத்திக்கொண்டார்கள். தேசப்பன் அண்ணன் திட்டிய திட்டை அச்சில் போட முடியாது. "எறங்குடி பேஜாரு புடிச்சவளே!" என்பதுதான் அதில் மரியாதையானது. அக்கா இறங்கவில்லை. "இன்னிக்கி இந்தப் போட்டு போவாது. அவன வேற போட்ல ஏத்துனா அதுலயும் ஏறுவேன்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வேறு எவரும் வேலுவைத் தங்கள் போட்டின் பக்கம் அண்டவிடவில்லை. அப்போதுதான் வேலுவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போனது. மணலில் தொப்பென்று உட்கார்ந்தான்.

அன்றைக்குப் போன போட்டுகளெல்லாம் வஞ்சிரத்தோடு திரும்பின. எவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கேட்க வேண்டுமா? ஊர் சிரியாய்ச் சிரித்தது. ஊர்க் கூட்டத்தில் அக்காவை நிற்க வைத்துக் கேட்டார்கள். "தப்புதான், கும்புட்டுக்கறேன்" என்றார். ஏன் செய்தாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புருஷன் போனதிலிருந்தே புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தேசப்பன் அண்ணன் சாகும்வரை அவரோடு பேசவில்லை. இத்தனைக்குப் பிறகும் அடுத்த தோல்விக்கு மறுநாளும் அக்கா கூடையோடு அதே இடத்தில் வந்து நின்றார். நாங்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சொன்னோம். வேலு அந்த முறை அழுதுகொண்டே சொன்னான். அவனை அனுப்பிவிட்டார்.

அக்காவை எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, வேலுவும் நானும் கொஞ்சம் பின்தங்கி நடந்தோம். ஈர வேட்டியோடு இருந்தான். கடற்கரைக்கு வந்ததும் நின்றான்.

"அன்னைக்கி நான் திரும்பி வர்றதா இல்ல கேப்டன்" என்றான்.

"என்னைக்குடா?"

"அம்மா போட்ல ஏறி குந்திச்சே, அன்னைக்கி."

அவன் தோளைப் பிடித்தேன்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லல. அம்மாவும் கேக்கல. கையப் புடிச்சி வூட்டுக்கு இட்டாந்து கஞ்சி ஊத்துச்சு. 'சாயங்காலம் ப்ராக்டீஸ் கீதா?'ன்னுச்சு. கீதுன்னேன். 'அப்ப கம்முனு தூங்கு'ன்னுச்சு. கதவாண்டயே குந்திகினு இருந்துச்சு. அதுக்கப்பறம் சாவறவரிக்கும் அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

ஊர் முழுக்கச் சிரித்தது, கூட்டத்தில் நிற்க வைத்தது, பைத்தியம் என்றது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை வாயும் அடைபட்டிருக்கும். சொல்லியிருந்தால் அந்த வார்த்தை வேலுவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் தன்மேல் வாங்கிக்கொண்டு, சாகும்வரை வைத்துக்கொண்டார். என் அக்கா! இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. வேலுவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது கேப்டன், அதப் பைத்தியம்னவன் எல்லாம் படிக்கட்டும்" என்றான்.

அக்கா போய் அதிக நாள் ஆகவில்லை. அதற்குள் போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலில் தோற்றோம். நம் பாஸ்கர் பிடித்த பிடியைக் கடைசி நேரத்தில் விட்டுவிட்டான். நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள், அவனை என்னென்ன சொன்னீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். மறுநாள் விடியலில் நான் கரையில் போய் நின்றேன். வேலுவும் வந்திருந்தான். எங்களை யாரும் வரச் சொல்லவில்லை. ஒவ்வொருவனாக வந்து, எங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சொல்லிவிட்டுப் போனான். பாஸ்கர் கடைசியாக வந்தான். தப்பைச் சொன்னான். சிரித்தான்.

வேலு என்னைப் பார்த்தான். நான் வேலுவைப் பார்த்தேன். அக்காவின் கண் எனக்குக் கிடையாது. அது வெறும் சிரிப்பாகவே இருக்கலாம், பல் தெரிகிற எவனையும் இப்போது சந்தேகப்படுகிறேனோ என்னவோ. நான் ஏறி உட்கார்ந்தாலும் போட்டு போகும். ஆம்பிளை கால் பட்டு எந்தப் போட்டு நின்றிருக்கிறது? பாஸ்கர் வலை எடுத்துவர நகர்ந்தபோது, அவன் எஞ்சினைச் சுற்றி ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டிலை எடுத்து என் பைக் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு, தாம்பரத்துக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டேன். ஒரு வாத்தியார் செய்கிற காரியம்!

முதல் பீரியட் முடிவதற்குள் போன் வந்தது.

"சார், எஞ்சின் ஹேண்டில பாத்தியா சார்? காலைலேர்ந்து தேடிகினு கீறேன். எல்லாரும் போய்ட்டானுங்க."

"நான் எங்கடா பாத்தேன்? சாப்டியா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. வளர்ந்த ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், விக்கி விக்கி அழுதான். நான் மைதானத்து வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கிறவரை நின்றேன்.

கன்னியம்மா அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பயம்தான். தோற்றவன் சிரித்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. அது போக வேண்டாம் என்றுதான் கங்கையம்மனை வேண்டிக்கொள்கிறேன். பாஸ்கர், ஹேண்டில் என்னிடம்தான் இருக்கிறது. ப்ராக்டீஸுக்கு வந்து வாங்கிக்கொள்.